ஒரே மட்டத்தில் ஒரு கோடு: வெள்ளக் கறையிலிருந்து ஒரு தெருப் படம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் பயணிகளோடு மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், திருநெல்வேலி சந்திப்பு ஸ்டேஷனைச் சுற்றி நின்ற தண்ணீர், எல்லாம் டிவியில் பார்த்ததுதான். அதற்கு அப்புறம், தண்ணீர் வடிந்து எல்லோரும் வீட்டைக் கழுவி முடித்த பிறகு நடந்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தெரு, அங்கே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதில் ஒரு ஓவிய ஆசிரியர், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சில பேர். நான் அச்சு, பைண்டிங் வேலை பார்ப்பவன். பேப்பர், மடிப்பு சமாச்சாரத்துக்காக இடையில் என்னைக் கூப்பிட்டார்கள், கடைசிவரை கூடவே இருந்துவிட்டேன்.

வேலை ஆரம்பித்தது ரொம்பச் சாதாரணமாக. பள்ளி திறந்ததும் சார் பிள்ளைகளிடம் வெள்ளத்தை வரையச் சொல்லியிருக்கிறார். வந்த படங்கள் எல்லாம் ஒன்றுபோல: ஹெலிகாப்டர், ரப்பர் படகு, மொட்டை மாடியில் கை ஆட்டும் ஆட்கள். அந்தத் தெருவுக்குப் படகே வரவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைகூட டிவியில் பார்த்த வெள்ளத்தைத்தான் வரைந்திருந்தது. சார் திட்டவில்லை. "சரி, உங்க வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கும்லா, அது எவ்வளவு உயரத்துல இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பினார். சிலர் ஸ்கேலால் அளந்தார்கள், சிலர் முழங்கால், இடுப்பு என்று எழுதி வந்தார்கள். மறுநாள் எல்லாவற்றையும் போர்டில் எழுதிப்போட்டபோது ஒரு பெண் எழுந்து, "எதுத்த வீட்டுல முழங்காலுக்குத்தான் இருக்கு, எங்க வீட்டுல இடுப்புக்கு மேல. எங்க வீட்டு மேல மட்டும் தண்ணிக்கு என்ன கோவம் சார்?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்டால், மொத்த வேலையும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சுவர்க் கறையைத் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், ஆளாளுக்குப் போட்டோவும் எடுத்தார்கள். 'கண்ணைத் திறந்து வைத்தால் கலைக்குப் பொருள் காலடியில் கிடக்கும்' என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, கண்ணைத் திறந்துதானே அத்தனை பேரும் பார்த்தார்கள்! கறை ஏன் ஒரு வீட்டில் மேலே, ஒரு வீட்டில் கீழே என்று யாராவது கேட்டிருந்தால்தானே அது வேறு எதுவாகவாவது ஆகும்.

பதில் எளிது. நின்ற தண்ணீர் மட்டமாகத்தான் நிற்கும், தெருதான் மட்டமில்லை. அந்தப் பெண்ணின் வீடு பள்ளத்தில் இருக்கிறது, எதிர் வீடு மேட்டில். தினமும் நடக்கிற தெருவில் அந்த ஏற்ற இறக்கம் காலுக்கே தெரியவில்லை, சைக்கிளில் போகிறவனுக்குக் கொஞ்சம் தெரியலாம். ஆக சுவரில் இருப்பது வெள்ளத்தின் படம் மட்டுமல்ல, தெருவின் மேடு பள்ளத்துக்கும் அதுதான் படம். அதை எப்படி வரைவது, வரைகிற கோடு சரிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? அங்கேதான் ஆராய்ச்சி ஆரம்பித்தது.

அவசரம் வேறு. வெள்ளம் வந்து நான்கு வாரத்தில் பொங்கல். பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு நம்ம ஊரில் உண்டா? வெள்ளத்தில் நனைந்த வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஒரு ஆச்சி பிள்ளைகளைப் பார்த்து, "இதப் போயி என்னத்தலே அளக்கிய, இந்தக் கோடு அழிஞ்சாத்தான் எனக்கு உறக்கம் வரும்" என்றாராம். பிள்ளைகள் அளக்க அளக்கத் தெருவின் கோடுகள் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்புக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. மிச்சம் இருந்ததெல்லாம் பெயின்ட் பிரஷ் போகாத இடங்களில்: பழைய வளவு வீடுகளில் அரங்கு வீடு என்று சொல்கிற உள்ளறையின் மூலை, பீரோவுக்குப் பின்புறம், மாடிப்படிக்கு அடியில், கதவு நிலையின் உள்பக்கம். இதில் ஒரு நல்லதும் நடந்தது. வெளிச்சுவர்க் கோட்டைவிட உள்ளே இருக்கும் கோடுதான் நம்பகமானது. வெளியே ஓட்டமும் அலையும் அடித்துக் கறையை மேலும் கீழும் இழுத்திருக்கும், வீட்டுக்குள் தண்ணீர் அசையாமல் நின்றிருக்கும். வெள்ள மட்டம் குறிக்கிற பொறியாளர்களும் முடிந்தால் வீட்டுக்குள்தான் குறி தேடுவார்கள். பிள்ளைகள் வேறு வழியில்லாமல் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

டியூப் மட்டம்

அளக்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் தெருவில் இருக்கும் ஒரு கொத்தனார் அண்ணாச்சி. ரசமட்டம் ஒரு சுவருக்குள் சரிப்படும், வீடு விட்டு வீடு மட்டம் கொண்டுபோக டியூப்தான். கண்ணாடி போல் தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், அது கண்ணுக்குத் தெரிய நாலு சொட்டு நீலம். குழாயின் ஒரு முனையை முதல் வீட்டுக் கோட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொரு முனையை அடுத்த வீட்டுச் சுவரில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும், அங்கே பென்சிலால் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான். அஸ்திவாரத்திலிருந்து பூச்சு வரை நம்ம ஊர்க் கட்டடங்கள் பாதி இதில்தான் எழும்பி நிற்கின்றன.

கேட்க எளிது, கையில் எடுத்தால்தான் சங்கதி தெரியும். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இரண்டு முனையையும் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு போக வேண்டும். மட்டம் பார்க்கும்போது ஒருவன் விரலை எடுத்துவிட்டு மற்றவன் எடுக்க மறந்தால் தண்ணீர் பொய் சொல்லும். குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டால் போச்சு, முழுக் குழாயையும் தூக்கித் தட்டி, குமிழியை ஒரு முனைக்கு ஓட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வெயிலில் கிடந்த குழாயில் குமிழி அதிகம் வருகிறது என்று பையன்களே கண்டுபிடித்தார்கள். அண்ணாச்சி ஒரு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஏல, ரெண்டு பேரும் வெரல எடுங்கல, தண்ணிக்கு மூச்சு விடணும்லா" என்று கத்துவார்.

இப்படி மட்டத்தைக் கடத்திக்கொண்டு போனபோது பெரும்பாலான வீடுகளில் பென்சில் கோடும் கறையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தவை பொருந்தாத வீடுகள். ஒரு சுண்ணாம்புக் காரைச் சுவர் வீட்டில் கறை மட்டத்துக்கு வெகு மேலே இருந்தது. விசாரித்தால் அது தண்ணீர் நின்ற கோடே இல்லை, ஓதம். செங்கலும் சுண்ணாம்பும் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், காயும்போது அந்த விளிம்பில் உப்புப் பூத்து இன்னொரு கோடு விழும். வண்டல் ஒட்டிய கோட்டைக் கீழே தேடிப் பிடித்தார்கள், அது சரியாக மட்டத்தில் இருந்தது. வேறு சில வீடுகளில் ஒன்றல்ல, அடுக்கடுக்காக நாலைந்து கோடு. தண்ணீர் வடியும்போது எங்கெல்லாம் கொஞ்ச நேரம் தங்கியதோ அங்கெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறது. உச்சக் கோடு மெலிசு, அதில் வைக்கோல் தும்பும் தூசும் ஒட்டியிருக்கும். கீழே இருப்பதுதான் தடிப்பு, தண்ணீர் நெடுநேரம் நின்ற இடம். வீட்டுக்காரர்களிடம் எதுவரை வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் தடித்த கோட்டைத்தான் காட்டுகிறார்கள். சார் மெலிந்த கோட்டைத்தான் வரைய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், அளவுக்கு அதுதான் சரி. ஆனால் மனுஷர் வாழ்ந்தது தடித்த கோட்டோடு, அதையும் சேர்த்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

ஆற்று முனையில் இருக்கும் கடைசி வீடு இன்னொரு வம்பு. அதன் மேற்குச் சுவரில் மட்டும் கோடு மட்டத்தைவிடக் கையகலம் உயரம், அதே வீட்டின் கிழக்குச் சுவரில் சரியாக இருந்தது. டியூபில் குமிழி இருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்த்தார்கள். குமிழி இல்லை. அந்த முனையில் தண்ணீர் நிற்கவில்லை, ஓடியிருக்கிறது. ஓடுகிற தண்ணீர் குறுக்கே நிற்கும் சுவரில் மோதும்போது மோதுகிற பக்கம் உயர்ந்து நிற்கும். இதைப் புரியவைக்க சார் பிள்ளைகளைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்கு உள்ளேயே இருக்கிறது. வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால் ஊரில் முதலில் கேட்கும் கேள்வியே "கோயில் முங்கிட்டா?" என்பதுதான். அதை விட்டால் தைப்பூச மண்டபம். இந்த ஊருக்கு ஆற்றின் அளவுகோல் இந்த இரண்டும்தான். தண்ணீர் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள் இருப்பார், வடிந்ததும் மணலையும் வண்டலையும் வாரிவிட்டுப் பூஜை தொடரும். வெள்ளம் வராமல் தடுக்கிற எண்ணமே அதில் இல்லை. வரும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் வெள்ளம் வந்து மோதுகிற பக்கத்தைப் படகின் முன்பகுதி மாதிரி கூராக அமைத்தார்கள். தண்ணீர் அங்கே முட்டி நிற்காமல் இரண்டாகப் பிரிந்து போய்விடும். பிள்ளைகள் எத்தனையோ தடவை குளிக்க வந்த இடம், அன்றைக்குத்தான் அந்தக் கூர் எதற்கு என்று பார்த்தார்கள். தெரு முனை வீட்டுச் சுவர் தட்டையாகக் குறுக்கே நிற்கிறது, கையகலம் எங்கிருந்து வந்தது என்பது அதற்கப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய வெள்ளத்தையும் தேடினார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வீட்டில் தாத்தா அப்போது கதவு நிலையில் ஆணி அடித்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விசாரித்தால், இடையில் வீட்டைத் தரை உயர்த்திக் கட்டியபோது நிலையையும் கழற்றி மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள், ஆணியும் கூடவே ஏறிவிட்டது. எதற்கும் ஆகாத ஆணி. ஆனால் அதன் வழியாகத்தான் தெரு விஷயம் வெளியே வந்தது: அந்த வீடு ஏன் தரையை உயர்த்தியது? ரோடு உயர்ந்ததால். பக்கத்தில் உயர்த்தாமல் விட்ட பழைய வளவு வீட்டுக்கு முன்பெல்லாம் தெருவிலிருந்து படி ஏறிப் போக வேண்டுமாம், இப்போது இறங்கிப் போக வேண்டும். பழைய தார்த் தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டு வந்ததன் விளைவு. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசே சொன்னது, அதற்கு முன் போட்டதெல்லாம் போட்டதுதானே. கேள்வி கேட்ட பெண்ணின் வீடும் இந்த வகைதான். கோபம் தண்ணீருக்கு இல்லை.

மடிப்பு

இனி என் பங்கு. சார் முதலில் வீட்டுக்கு ஒரு தாள் வரையச் சொல்லியிருந்தார், 20இல் ஒரு பங்கு அளவில். ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். எல்லா வீட்டின் வாசலும் தாளின் அடியில் தொடங்கியது. தாள்களை வரிசையாக வைத்தால் வெள்ளக் கோடு வீட்டுக்கு வீடு குதித்தது, பார்க்கிறவனுக்குப் பிள்ளைகள் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அப்போதுதான் ஒரு பையன், டியூப் பிடித்தவன், "சார், நாம கோட்ட வச்சுத்தான வீட்ட அளந்தோம், வீட்ட வச்சு எதுக்கு வரையணும்?" என்றான். அவ்வளவுதான், படம் கிடைத்துவிட்டது. கோட்டை எல்லாத் தாளிலும் ஒரே உயரத்தில் நிறுத்தி, வீடுகளை அதற்குக் கீழே ஏறி இறங்க விட்டார்கள். நீளமான ஒரே தாள், விசிறி மடிப்பு, மடிப்புக்கு ஒரு வீடு. விரித்தால் கோடு அசையாமல் போகிறது, வாசல்களும் திண்ணைகளும் ரோடும் அதன் அடியில் அமிழ்ந்தும் எழுந்தும் வருகின்றன. இது உட்கார்ந்து யோசித்தால் வருகிற வடிவம் இல்லை, டியூபைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவனுக்குத்தான் வரும்.

இந்த மாதிரி வேலையில் மடிப்பு கொஞ்சம் பிசகினாலும் கதை முடிந்தது. முதல் மடிப்பு ஒரு நூல் சாய்ந்தால் பத்தாவது வீட்டில் கோடு ஒடிந்து நிற்கும். அதனால் வரைந்துவிட்டு மடிக்கவில்லை. பத்திரிகை அச்சகத்தில் மிஞ்சும் ரோல் கடைசியை வாங்கி, முதலில் மடிப்பு அழுத்தி, விரித்து, அதன் மேல் நூல் கட்டிக் கோடு போட்ட பிறகுதான் வீடுகள். ஒட்டுக்கு மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம், நாங்கள் பைண்டிங்கில் எப்போதும் சேர்ப்பதுதான்.

கோட்டுக்கு நீல மை என்று பேச்சு இருந்தது. சார் கேட்கவில்லை, வந்தது நீலத் தண்ணீரா என்றார். ஆகவே வண்டல். புறவாசலில் குவித்துப் போட்டிருந்த வண்டலை எடுத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, அடியில் தங்கும் நயமான சேற்றை மட்டும் எடுத்துக் கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தார்கள். பிசின் குறைந்தால் காய்ந்ததும் விரலில் மாவாக ஒட்டுகிறது, கூடினால் வெடிக்கிறது, சரியான பதம் வரப் பாதி ரோல் வீண். பதம் வந்த பிறகு பார்த்தால் ஆற்று முனை வண்டல் வெளிர்ப் பழுப்பு, சாக்கடை சேரும் முனையில் கிட்டத்தட்டக் கறுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வீட்டு வண்டலையே பூசியதால் கோடு தெரு நெடுக நிறம் மாறிக்கொண்டே போகிறது. இதை யாரும் திட்டம் போடவில்லை.

அளந்ததைத் தவிர எதையும் வரையக் கூடாது என்பது சாரின் சட்டம். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. பிள்ளைகள் சண்டை போட்டுத் தாளின் பின்பக்கத்தை வாங்கிக்கொண்டு, அவரவர் வீட்டில் மிதந்ததை அங்கே வரைந்தார்கள்: செருப்பு, அரிசி டிரம், பிளாஸ்டிக் சேர், கேஸ் சிலிண்டர். சிலிண்டரில்தான் தகராறு. "நெறஞ்ச சிலிண்டர் எப்படிலே மிதக்கும், புளுகாத" என்று ஒருவன். சரி கணக்குப் போடு என்று உட்கார்ந்தார்கள். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, காலி உருளை சுமார் 15 கிலோ சொச்சம், மொத்தம் 30 கிலோவுக்குப் பக்கம். அது கொள்ளும் தண்ணீர் மட்டும் 33 லிட்டருக்கு மேல். அப்படியானால் முழுசாக மூழ்கும் முன்பே தன் எடைக்கு மேல் தண்ணீரைத் தள்ளிவிடும், நிறைந்த சிலிண்டரும் கழுத்தை நீட்டிக்கொண்டு மிதக்கத்தான் செய்யும். புளுகன் பட்டம் வாங்கியவன் அதைப் படத்துக்குப் பக்கத்திலேயே கணக்காக எழுதி வைத்துவிட்டான். முழுத் தாளிலும் எனக்குப் பிடித்த இடம் அது.

தெருக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்காரர், வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருப்பதால் தன் வீடு படத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். அந்த மடிப்பில் வீடு இல்லை, கோடு மட்டும் போகிறது. விரித்துப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது அந்த வெற்று மடிப்பைப் பற்றித்தான், ஆகவே அவர் நினைத்தது நடந்ததா என்று தெரியாது. இன்னொரு பக்கம், தெருவில் வயரிங் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவர் தாளைக் கேட்டு வாங்கிப் போய், மீட்டர் போர்டையும் பிளக் பாயின்டையும் எந்த வீட்டில் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டார். ஓவியக் கண்காட்சியில் கிடைக்கும் பாராட்டைவிட சாருக்கு அது பெரிதாக இருந்ததாகத் தெரிகிறது, ஆனால் அவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அடுத்த தாள் பேச்சு நடக்கிறது. பழவூர் அணையிலிருந்து வரும் பாளையங்கால்வாய் ஓரமாக ஒன்று. அங்கே சிக்கல் வேறு. கால்வாய்த் தண்ணீர் நிற்பதில்லை, ஓடுவது, ஓடுகிற தண்ணீர் மட்டமாக இருக்காது, போகிற திசையில் சரியும். கோடு அசையாமல் நிற்க வேண்டும் என்ற முதல் தாளின் விதி அங்கே செல்லாது. சரிவோ கண்ணுக்கே தெரியாத அளவு. இதே 20இல் ஒரு பங்கில் வரைந்தால் ஒரு மடிப்புக்குள் கோடு இறங்குவது பென்சில் முனையின் தடிப்புகூட வராது. உயரத்தை மட்டும் பத்து மடங்கு பெரிசாக்கினால் சரிவு தெரியும் என்கிறார் கணக்கு சார். அப்படிச் செய்தால் ஓட்டு வீடெல்லாம் கோபுரமாகிவிடும், அது எங்க தெரு இல்லை என்கிறார் ஓவிய சார். இரண்டு பேரும் என் கடையில்தான் வந்து சண்டை போடுகிறார்கள், ரோலை எந்த அகலத்தில் வெட்டுவது என்று இன்னும் யாரும் சொன்னபாடில்லை.